தலை தீபாவளி விரால்

உசிலம்பட்டி தாண்டியதிலிருந்தே பவதாரிணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆம்னி வேனின் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, கன்னத்தில் ஒரு புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணின் முகத்தில் இருக்க வேண்டிய களை எதுவும் அவள் முகத்தில் இல்லை. வேனின் தலையில் துணிக்கொடிக் கயிற்றால் கட்டியிருந்த மஞ்சள் நிறக் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகு, ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் உச்சந்தலைக்கு மேலே தொம் தொம் என்று குதித்தது.

"என்ன பவா, முகமெல்லாம் வெளிறிப் போச்சு?" என்றான் ராஜபாண்டி, ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி.

"ரோடு சரியில்லீங்க."

ரோடு பளபளவென்று இருந்தது. போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ராஜபாண்டி இதையெல்லாம் ஆராய்கிற ஆள் கிடையாது. பெண்டாட்டி சொல்லிவிட்டால் ரோடு சரியில்லை, அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து ஓட்டினான். நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே.

விஷயம் இதுதான்: பவதாரிணி கர்ப்பமாக இருந்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். புருஷனுக்குக்கூடத் தெரியாது. மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்று, சொல்லலாம் என்று பழங்காநத்தம் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடத்தான் செய்தாள். அங்கே அவன் தூண்டில் வீசிப் பழகிக்கொண்டிருந்தான். தூண்டில் முள், அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கியைக் கவ்வியிருந்தது. அதை விடுவிக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும், "பவா, தீபாவளிக்கு மறுநா உங்கூர்க் கண்மாய்ல, உங்கப்பா முன்னாடி, ஒரு வெராலத் தூக்கிக் காட்டலைன்னா எம் பேரு ராஜபாண்டி இல்ல" என்றான். அந்த நேரம் பார்த்து லுங்கி கிழிந்தது. அவள் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

ஏன் விழுங்கினாள் என்று அவள் அம்மா நாகஜோதியைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன்காரன் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது என்பது ஊரெல்லாம் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் அதைச் சொல்வார்கள். நாகஜோதி அதை நடத்துவாள். பவதாரிணி வயிற்றில் இருந்தபோது அவள் அப்பா ஆண்டிச்சாமி ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை. வீட்டுக்குள் எலி புகுந்து விதைக்கடலையைத் தின்ன, பொறி வைக்க வழியில்லாமல், மனுஷன் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து "ச்சூ, ச்சூ" என்று கையைத் தட்டியே ஒரு மழைக்காலத்தை ஓட்டினார். ஆகவே இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. மாமியார் தூண்டிலைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிடுவாள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் ராஜபாண்டி மீன் இருக்கிற திசையில்கூடத் தலை வைத்துப் படுக்க முடியாது.

அவனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாமே என்றால், அவன் முகத்துக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. மாமியாரைப் பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கி நிற்பான். அதனால் முதலில் மீன், பிறகு செய்தி என்று பவதாரிணி முடிவு கட்டினாள். பி.காம். படித்தவள். தெரியாமல் செய்கிறவன் கணக்கில் பாவம் ஏறக் கூடாது என்று குலசாமியிடம் தன் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்தாள். குலசாமி மறுத்துப் பேசவில்லை.

இந்த மீன் பைத்தியம் பிடித்த கதை வேறு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு எழுமலை வந்தபோது விரால் குழம்பு வைத்தார்கள். விராலில் நடுமுள் ஒன்றுதான் பேருக்கு இருக்கும். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடப் பயமில்லாமல் ஊட்டலாம். அந்த மீனில் முள் சிக்கிக்கொண்ட ஒரே மனிதன் ராஜபாண்டி. கண் பிதுங்கி, மூச்சுத் திணறி, வெறும் சோற்றை உருண்டை உருண்டையாக விழுங்கவைத்து, முதுகில் ஆளாளுக்குக் குத்தி, கடைசியில் முள் இறங்கியபோது பந்தியே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் கருத்தக்கண்ணன் அந்த இடத்திலேயே ஒரு பெயர் வைத்தார்: முள்ளு மாப்பிள்ளை. பெயர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் "என்னத்தா, முள்ளு மாப்ள சௌக்கியமா?" என்று பவதாரிணியிடமே கேட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜபாண்டி சிரித்துத்தான் வைப்பான். ஆனால் எழுமலைக்குப் போக வேண்டும் என்று பேச்செடுத்தாலே அவன் ஒரு தரம் எச்சில் விழுங்குவதை அவள் கவனித்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு என்னவோ செய்யும்.

அடுத்து ஆடி வந்தது. புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போய் ஆடி முழுக்க வைத்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. தனியாக விடப்பட்ட மாப்பிள்ளை அந்த மாதம் முழுக்க என்ன செய்வான் என்று பெரியவர்கள் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். ராஜபாண்டி யூடியூப் பார்த்தான். இலை உதிர்கிற மரங்களுக்கு நடுவே ஏதோ ஒரு ஏரியில், தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கயாக்கில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக இருக்கும் கொடூரமான மீன்களை இழுத்துப் போடுவதை ராவும் பகலும் பார்த்தான். ஆடி முடிந்து அவள் திரும்பி வந்தபோது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அந்த மஞ்சள் கயாக் படுத்துக் கிடந்தது. சின்டெக்ஸ் டேங்கைப் பாதியாக அறுத்திருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். போட்டோவைப் பார்த்த நாகஜோதி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிய எதுக்குடி கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மதுரையில் யாரும் ஏ.சி. போடுவதில்லை. ஏ.சி. மெக்கானிக்கான ராஜபாண்டிக்கு அது வேலையில்லாத காலம். விராலுக்கோ கொண்டாட்டக் காலம். புதுத் தண்ணீரில் தவளை பெருகும், தவளையைத் தேடி விரால் அலையும். ராஜபாண்டி தூண்டில் முள்ளில் ஒரு ரப்பர் தவளையை மாட்டிக்கொண்டு விராலைத் தேடி அலைந்தான். பரவைப் பக்கத்துக் கண்மாயில் ஒற்றைச் செருப்பு மாட்டியது. இன்னொரு கண்மாயில் ரப்பர் தவளையை ஒரு நீர்க்காகம் தூக்கிக்கொண்டு போய், மரத்தில் வைத்துத் தின்று பார்த்துவிட்டுத் துப்பியது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்குத் தண்ணி கலங்கல், பவா" என்பான். "ஆமாங்க, கலங்கலாத்தான் இருக்கும்" என்பாள் அவளும்.

வேன் எழுமலை பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும் ராஜபாண்டி சடாரென்று பிரேக் அடித்தான். கயாக் முன்பக்கம் சரிந்து, கண்ணாடி வழியாக அவர்களை எட்டிப் பார்த்தது.

எதிரே, ஆள் மேல் ஆள் நின்ற உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். "தலை தீபாவளி காண வருகை தரும் விரால் வேட்டை வேந்தரே! கயாக் கொண்ட காவலரே! எங்கள் மாமா ராஜபாண்டி அவர்களே, வருக வருக! தீபாவளிக்கு மறுநாள் காலை பெரிய கண்மாயில் மாபெரும் விரால் வேட்டை. அனைவரும் வாரீர்! இவண், அன்பு மைத்துனன் பால்பாண்டி." பவதாரிணியின் தம்பி பால்பாண்டிக்கு ஊரில் ஃபிளெக்ஸ் கடை. அக்கா புருஷனின் தலையைக் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி, யாரோ வெளிநாட்டு மீன்பிடிக்காரரின் உடம்பில் ஒட்டியிருந்தான். கழுத்தில் கல்யாண மாலை கொஞ்சம் மிச்சமிருந்தது. கையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு மீன். முழங்கையில் ஜெனிஃபர் என்று பச்சை குத்தியிருந்தது.

"யாருங்க ஜெனிஃபரு?" என்றாள் பவதாரிணி.

ராஜபாண்டி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதற்குள் பால்பாண்டியே ஓடி வந்து வேன் கதவைத் திறந்தான்.

"மாமா! எப்புடி நம்ம வேலை? உசிலம்பட்டி ரோட்டுல இன்னும் ரெண்டு வச்சிருக்கேன். வரும்போது பாக்கலியா?"

"மாப்ள, நான் இதுவரைக்கும் ஒரு மீனுகூட..."

"அட, அதெல்லாம் பிடிச்சிருவீங்க மாமா!"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்பே வெற்றிக்கு நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் அடித்துவிடுகிற மண்ணில் பிறந்தவன். ராஜபாண்டி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எச்சில் விழுங்கினான்.

தீபாவளியன்று புதுப் பட்டும் எண்ணெய்க் குளியலும் எல்லாம் முறைப்படி நடந்தன. கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியபோதுதான் பவதாரிணிக்குச் சோதனை. தன் இலையில் விழுந்த கறியையெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் தம்பியின் இலைக்குத் தள்ளிவிட்டாள். தள்ளி முடிக்கும்போது தலை நிமிர்ந்தால், நாகஜோதி கரண்டியோடு எதிரே நின்றாள்.

"என்னடி, கறியத் தொடவே இல்ல?"

"வயிறு சரியில்லம்மா. வர்ற வழில ரோடு மோசம்."

"ரோடு மோசம்னா இடுப்புல்ல வலிக்கணும்? வயிறு என்ன பண்ணுச்சு?"

நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கயாக்கைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கும்பலாக வந்து சேர்ந்தார்கள். கருத்தக்கண்ணனும் வந்தார். கயாக்கை விரலால் தட்டிப் பார்த்தார், ரப்பர் தவளையை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அது "ப்ஸ்" என்றது.

"தாராளமாப் பிடிங்க மாப்ள. சிக்குறத நீங்களே எடுத்துக்கங்க" என்றார். "ஆனா ஒண்ணு, இதப் போயி கவ்வுற அம்புட்டுக் கூறுகெட்ட வெராலு எங் கண்மாய்ல கெடயாது. அப்புறம், பாத்து, தொண்டையில எதையும் மாட்டிக்கிறாதீங்க!"

வீடே சிரித்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ராஜபாண்டியும் கொஞ்சம் சிரித்தான். அடுப்படி வாசலில் நின்ற பவதாரிணிக்கு ஆத்திரத்தில் கண்ணே மங்கியது. ஒரு மீன், சாமி. ஒரே ஒரு மீன். அது வரைக்கும் என் வாயிலிருந்து செய்தியும் வராது, வாந்தியும் வராது என்று மனசுக்குள் சபதம் போட்டாள்.

மறுநாள் காலை கண்மாய்க் கரையில் தேர் பார்க்கிற கூட்டம். சைக்கிளில் டீ வந்துவிட்டது, வேர்க்கடலை வந்துவிட்டது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ராஜபாண்டி கயாக்கில் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. தூரத்தில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மாமாவை முறையாக வழியனுப்ப வேண்டும் என்று பால்பாண்டி கரையோரமாக ஒரு சரவெடியைப் பற்றவைத்தான். அது முடிவே இல்லாமல் வெடித்தது. கண்மாயிலிருந்த கொக்கெல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. மீனெல்லாம் சேற்றுக்குள் போயிருக்கும்.

"அறிவு இருக்காடா உனக்கு?" என்று பவதாரிணி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ராஜபாண்டி தவளையை வீசுவான். அது தண்ணீரில் தத்தித் தத்தித் திரும்பி வரும். மறுபடி வீசுவான், மறுபடி வரும். கரையில் வாய் சும்மா இருக்குமா?

"மாப்ள, தவளைக்குச் சளி பிடிச்சிரப் போவுது!"

"ஏப்பா, அதுக்குக் கொஞ்சம் டீ வாங்கிக் குடுங்கப்பா!"

"முள்ளு மாப்ள, வெரால் உங்களப் பாத்து ஒளிஞ்சிருச்சு போல!"

பவதாரிணி ஒவ்வொரு குரலாகத் திரும்பிப் பார்த்து, யார் யார் என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டாள். ஆண்டிச்சாமி மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

ராஜபாண்டி துடுப்புப் போட்டுக் கருவேல மரங்களுக்கு அருகே போனான். தவளை போய் ஒரு மரத்தடியில் விழுந்து ஒரு தத்து தத்தியது. மறு தத்துக்குத் தண்ணீர் வெடித்தது. பால்பாண்டி இன்னொரு வெடி வைத்துவிட்டானோ என்று எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தூண்டில் வில்லாக வளைந்தது. ராஜபாண்டியின் வாயிலிருந்து "ஆத்தீ!" என்று ஒரு சத்தம். கயாக் தானாகவே திரும்பி, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கருவேல மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது.

கரை முழுக்கக் கழுத்தை நீட்டியது. மரத்துக்குப் பின்னால் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. துடுப்பு ஒன்று மட்டும் தனியாக மிதந்து வெளியே வந்தது.

"ஆளு போயிட்டாரா?" என்றார் கருத்தக்கண்ணன், முதல்முறையாகக் கொஞ்சம் பயந்து.

பவதாரிணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரை விளிம்புக்கு ஓடினாள். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு மரங்களையே பார்த்தாள். அந்த நேரத்தில்தான் நாகஜோதி தூக்குவாளியோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். உள்ளே தோசையும், சுண்டக் காய்ச்சிய நேற்றைய கறிக்குழம்பும்.

"நேத்துல இருந்து ஒண்ணும் திங்கல. ஒரு வாயாச்சும் தின்னுடி" என்று மகளின் மூக்குக்கு நேரே மூடியைத் திறந்தாள்.

அதே நொடியில் மரங்களுக்குப் பின்னாலிருந்து கயாக் வெளியே வந்தது. துடுப்பு இல்லாமல் ஒரு கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்தான் ராஜபாண்டி. தலையெல்லாம் பாசி. மடியில் எதையோ அமுக்கிப் பிடித்திருந்தான். கரைக்கு நேராக வந்ததும் அதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினான். விரால். கறுத்து, தடித்து, வெள்ளை வயிறு வெயிலில் மின்ன, ஒரு முழத்துக்கு மேல் நீண்டு கிடந்தது. பவதாரிணி அதைப் பார்த்தாள், முழுசாகப் பார்த்தாள். சந்தோஷத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வாந்தி.

கரையில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. முதலில் திரும்பியவர் ஆண்டிச்சாமி. ஓடி வந்து மகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். செல்போனில் மாமாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்த பால்பாண்டியும் போனோடு அக்கா பக்கம் திரும்பிவிட்டான்.

"அங்க... அங்க பாருங்க..." என்று பவதாரிணி குனிந்தபடியே கையைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினாள்.

"தண்ணி கேக்குறா, தண்ணி கொண்டாங்க!" என்றாள் ஒரு அத்தை.

நாகஜோதி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். மகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். கன்னத்திலிருந்த புளிப்பு மிட்டாயை விரலை விட்டு வெளியே எடுத்துப் பார்த்தாள். நேற்றைய இலை, மோசமான ரோடு, எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அடிப்பாவி, எப்ப இருந்துடி?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். கரையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

குலவைச் சத்தம் தண்ணீர் மேலே போயிற்று. ராஜபாண்டி அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். நியாயம்தானே, பிறகு யாருக்கு? மீனை இன்னும் உயரத் தூக்கினான். இடப்பக்கம் திரும்பி ஒரு தரம் தலைவணங்கினான், வலப்பக்கம் திரும்பி ஒரு தரம். ஒருத்தர் பார்க்கவில்லை. பவதாரிணி மட்டும் அப்பாவின் கைக்கு அடியில் குனிந்து, கண்ணீர் வழிய, தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குலவைய நிறுத்து, அவரப் பாரு! மீனப் பாரு!"

அதற்குள் பால்பாண்டி, அக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு கையைக் குவித்துத் தொண்டை கிழியக் கத்திவிட்டான்: "மாமா! அக்கா மாசமா இருக்கு! நீங்க அப்பாவாகப் போறீங்க!"

ராஜபாண்டியின் முகம் அப்படியே நின்றது. மறுநொடி, யாரும் எதுவும் சொல்வதற்கு முன், நாகஜோதி தன் சட்டத்தை எடுத்து வீசுவதற்கு முன், அவன் குனிந்து விராலைத் தண்ணீருக்குள் விட்டான். ஒரு கணமும் யோசிக்கவில்லை. வால் ஒரு சுழற்று சுழற்றியது, போய்விட்டது.

இப்போது கரை முழுக்கத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பாசி படிந்த தலையோடு, வெறுங்கையை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு மனிதன் கயாக்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

கயாக்கின் மூக்கு கரையைத் தொட்டதும் கருத்தக்கண்ணன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ரப்பர் தவளை மட்டும் கிடந்தது. அதன் ஒரு காலைக் காணோம்.

"என்ன மாப்ள, சிக்குச்சா?"

"சிக்குச்சு மாமா. பெருசு. விட்டுட்டேன்."

கரை அவனையும் காலிக் கயாக்கையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. "விட்டுட்டாராம்ல!" என்று ஒருவருக்கொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். "எம்புட்டுப் பெருசு மாப்ள, எங்க ஊரு அளவா?" என்றது ஒரு குரல்.

பவதாரிணி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புதுப் பட்டுச் சேலையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏங்க விட்டீங்க?" என்று அவள் கத்தினாள். "இதுக்காகத்தான இம்புட்டு நாளு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்! உங்ககிட்டகூடச் சொல்லாம, புளிப்பு மிட்டாயா தின்னு நாக்கெல்லாம் வெந்து போச்சு! காட்டிட்டு விட்டா என்ன? ஒரு நிமிசம்! ஒரே ஒரு நிமிசம்!"

ராஜபாண்டி அவளை அண்ணாந்து பார்த்தான். "கையில உசுரு துடிச்சுச்சு, பவா. நம்ம பிள்ளைக்கு எதுவும் ஆயிரக் கூடாதுல்ல" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி, விடு."

அவனுக்குச் சரிதான். அவன் முகத்தில் நிஜமாகவே வேறு குறை எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அந்த முழங்கால் தண்ணீரில் நின்று நினைத்தாள். பின்னால் இன்னும் யாரோ சிரித்தார்கள்.

"ஏய், எவன்டா அவன் சிரிக்கிறது?" என்றாள் நாகஜோதி. கரை கப்பென்று அடங்கியது. "பிள்ளைத்தாச்சி கண்ணுல தண்ணி வருது, உனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருதா? அவ மனசு கோணுச்சுன்னா உள்ள இருக்குற பிள்ளைக்கு ஆகாது. எம் மக வெரால்னு சொன்னா அது வெராலுதான். இல்லங்குறவன் முன்னால வா."

யாரும் முன்னால் வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இல்லை என்று சொல்லி அந்தப் பாவத்தைச் சுமக்க எழுமலையில் ஆளில்லை. பவதாரிணி அழுகையை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்தாள். தன் கையில் என்ன வந்து விழுந்திருக்கிறது என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. கருத்தக்கண்ணனுக்கு நேரே போய் நின்றாள்.

"மாமா, நீங்க பாத்தீங்களா, இல்லியா?"

அவர் நாகஜோதியைப் பார்த்தார். "பாத்த மாதிரித்தான் இருந்துச்சு..."

"மாதிரியா?" அவள் உதடு நடுங்கத் தொடங்கியது.

"பாத்தேன் தாயி, பாத்தேன்!"

"எம்புட்டு இருந்துச்சு?"

"ஒரு முழம்."

"ஒரே முழமா?" அவள் வயிற்றில் கை வைத்தாள்.

"ரெண்டு முழம்! ரெண்டு முழத்துக்குக் குறையாது, ஆத்தா!"

கண்மாயைக் குத்தகை எடுத்தவரே சொன்ன பிறகு மற்றவர்களுக்கென்ன? டீக்காரர், கண்ணு ரெண்டும் கோலிக்குண்டு மாதிரி இருந்தது என்றார். வேர்க்கடலைக்காரர் அது வாயைப் பிளந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஊரு அளவா என்று கேட்ட குரல், அது தன்னை ஒரு பார்வை பார்த்ததாகவே சத்தியம் செய்தது. பவதாரிணி ஒருவரையும் விடவில்லை. ராஜபாண்டி கயாக்கில் உட்கார்ந்தபடி, இத்தனை பேர் பார்த்தார்களா என்று வியந்துபோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் அத்தனையையும் நம்பினான்.

மிச்சம் இருந்தது ஆண்டிச்சாமி. எழுமலையில் வரப்புத் தகராறு வந்தால் இரண்டு தரப்பும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். மனுஷன் கண்ணால் காணாததைச் சொல்ல மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். சத்தமெல்லாம் ஓய்ந்து எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பவதாரிணி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. விரால் வானத்தில் மின்னிய நேரத்தில் அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கை இன்னும் அவள் நெற்றியில் இருப்பது போலவே இருந்தது.

ஆண்டிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தலையிலிருந்த துண்டை எடுத்து மாப்பிள்ளையின் தலையில் போட்டுத் துவட்டிவிட்டார். பாசியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"தலை மட்டும் இம்புட்டு" என்றார்.

மாப்பிள்ளையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கைகளை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.